ஓங்கிய வாளும் ஆறாத சினமும்





தசலட்சண பருவத்தின் முதல் நாளில் நாம் போற்றும் அறம் உத்தம க்ஷமை. ஆண்டுதோறும் அந்நாளில் ஜினாலயத்தில் அமர்ந்து பொறுமையின் பெருமையைக் கேட்கிறோம். பருவம் நிறைவுற்றபின் க்ஷமாவணி நாளில் ஒருவரையொருவர் கைகூப்பி, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டுகிறோம். ஆனால் அன்று நாம் கைகூப்புவது யாரை நோக்கி? பெரும்பாலும் நம்மோடு இனிதே பழகுவோரை நோக்கித்தான். உண்மையில் யாரோடு பகை உண்டோ அவர் வீட்டு வாயிலை அன்றும் நாம் மிதிப்பதில்லை. "நான் அவருக்குத் தீங்கு ஒன்றும் செய்யவில்லையே, பொறுமையாகத்தானே இருக்கிறேன்" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். தீங்கு செய்யாமல் இருப்பதும் பொறுமையும் ஒன்றுதானா? இதைச் சிந்திப்பதற்காகவே இவ்வுரையை எழுதத் துணிந்தேன்.

இவ்வினாவை ஆராய, இம்முறை நம் புராணங்களிலிருந்து தொடங்காமல் கடல் கடந்த நாட்டுக் கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கில மகாகவி ஷேக்ஸ்பியர் 1600ஆம் ஆண்டையொட்டி இயற்றி, 1603இல் முதன்முதலாக அச்சேறிய 'ஹாம்லெட்' என்னும் துன்பியல் நாடகமே அது. நம் இல்லங்களில் பலர் அதைக் கல்லூரியில் பாடமாகப் படித்திருப்பர். தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்க வேண்டிய மகன் ஏன் தயங்கித் தயங்கி நின்றான் என்னும் வினா, அந்நாடகத்தைப் படிப்போரை இன்றுவரை விடாமல் தொடர்ந்து வருகிறது. அறவுரைக்கு அயல்நாட்டுக் கதை எதற்கு என்று எண்ண வேண்டா. வினைகளின் இயல்பு எல்லா நாட்டு மக்களுக்கும் ஒன்றே. கஷாயங்கள் கடலைக் கண்டு நின்றுவிடுவதில்லை.

கதைச் சுருக்கம்

டென்மார்க் நாட்டில் எல்சினோர் என்னும் இடத்தில் அரண்மனை. அந்நாட்டு மன்னன் தன் தோட்டத்தில் பகற்பொழுதில் உறங்குகையில், அவனுடைய தம்பி கிளாடியஸ் காதில் நஞ்சை ஊற்றிக் கொன்றுவிடுகிறான். பாம்பு கடித்து இறந்தான் என்று ஊரை நம்பவைக்கிறான், அரியணை ஏறுகிறான், அண்ணன் மனைவி கெர்ட்ரூடையும் மணந்துகொள்கிறான். விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த இளவரசன் ஹாம்லெட் துயரத்தோடு அரண்மனையில் இருக்கிறான். ஒருநாள் நள்ளிரவில் தந்தையின் ஆவி தோன்றி, நடந்த கொலையைக் கூறிப் பழிவாங்குமாறு கட்டளையிட்டு மறைகிறது.

இக்கதையின் மூலம் டென்மார்க்கைச் சேர்ந்த சாக்ஸோ என்பவர் 1200ஆம் ஆண்டையொட்டி இலத்தீன் மொழியில் எழுதிய வரலாற்று நூலில் உள்ளது. அங்கு இளவரசன் பித்தனாக நடிப்பது பகைவன் கண்ணில் மண்ணைத் தூவுவதற்கே. காலம் வாய்த்ததும் கொன்று முடிக்கிறான். ஷேக்ஸ்பியரின் இளவரசனோ தன்னையே கேள்வி கேட்கிறான், ஐயுறுகிறான், தன்னையே பழித்துக்கொள்கிறான். வாளைக் கையில் வைத்துக்கொண்டே மாதங்களைக் கழிக்கிறான்.

ஏன் இந்தத் தயக்கம்? ஜெர்மானியக் கவிஞர் கதே, மென்மையான உள்ளத்தின்மேல் தாங்கவொண்ணாப் பெருஞ்சுமை ஏற்றப்பட்டது என்றார். கோலரிட்ஜ், சிந்தனை மிகுந்து செயலாற்றல் குன்றியது என்றார். பிராட்லி என்னும் பேராசிரியர் 1904இல் வெளிவந்த தம் நூலில், தாயின் மறுமணத்தால் உண்டான ஆழ்ந்த மனச்சோர்வே காரணம் என்றார். இவை யாவும் ஒரு கோணத்தில் உண்மையே. அநேகாந்தம் பயின்ற நாம் எதையும் முற்றிலும் தள்ள வேண்டியதில்லை. ஆயினும் அவர்கள் பெரும்பாலும் "ஏன் அவன் கொல்லவில்லை?" என்று கேட்டனர். நாம் கேட்க வேண்டியது, "கொல்லாமல் இருந்த அந்நாள்களில் அவன் உள்ளத்தில் என்ன நிகழ்ந்துகொண்டிருந்தது?" என்பது. திரவியத்தை மட்டும் நோக்காமல் பாவத்தையும் நோக்குவதே நம் ஆகமம் காட்டும் வழி.

முதல் தயக்கம்: அறிவின் தயக்கம்

ஹாம்லெட்டின் முதல் தயக்கம் போற்றத்தக்கது. வந்தது தந்தையின் ஆவிதானா, தன்னைக் கெடுக்க வந்த தீய சக்தியா என்று ஐயுறுகிறான். காதில் விழுந்த ஒரு சொல்லை நம்பி ஓர் உயிரைப் போக்கலாகாது என்று எண்ணுகிறான். அரண்மனைக்கு வந்த கூத்தரைக் கொண்டு, தோட்டத்தில் நஞ்சூட்டிக் கொல்லும் கதை ஒன்றை மன்னன் முன் நடிக்கச் செய்கிறான். அக்காட்சியைக் கண்டதும் கிளாடியஸ் நிலைகுலைந்து எழுந்து வெளியேறுகிறான். உண்மை வெளிப்பட்டது.

நம்மில் எத்தனை பேர் இந்த அளவுக்கேனும் தயங்குகிறோம்? "உன் தம்பி உன்னைப் பற்றி இப்படிச் சொன்னானாம்" என்று ஒருவர் வந்து சொன்ன மாத்திரத்தில், அந்தச் சொல்லை விசாரியாமலே ஆண்டுக்கணக்கான பகையை வளர்த்துக்கொள்கிறோம். ஆய்ந்து அறிந்த பின்னரே செயல் என்பது நற்காட்சியின் அடையாளம். இந்த ஒரு வகையில் அவன் நமக்கு ஆசிரியனாகவே நிற்கிறான்.

இரண்டாம் தயக்கம்: சினத்தின் தயக்கம்

இனி வருவதே நாடகத்தின் நடுநாடி. உண்மை வெளிப்பட்ட அதே இரவில் கிளாடியஸ் தனித்திருந்து மண்டியிட்டு இறைவனை வேண்டுகிறான். தாயைக் காணச் செல்லும் வழியில் ஹாம்லெட் அவனைக் காண்கிறான். காவலர் இல்லை, தடுப்போர் இல்லை. வாளை உருவுகிறான். ஆனால் வெட்டவில்லை. வாளை மீண்டும் உறையில் இடுகிறான்.

நாடகத்தை இதுவரை மட்டும் கண்டு ஒருவர் எழுந்து போய்விட்டால், "ஆகா, இரக்கம் பிறந்தது! மண்டியிட்டவனைக் கொல்லாமல் விட்டான்" என்றே எண்ணுவார். ஆனால் அவன் கூறும் காரணத்தைக் கேளுங்கள். வழிபடும் வேளையில் கொன்றால் இவன் உயிர் நற்கதி அடைந்துவிடும். என் தந்தையோ வருந்தித் திருந்த வாய்ப்பின்றி இறந்தார். ஆகவே இவன் குடித்துக் கிடக்கும் போதோ, சூதாடும் போதோ, வெறிகொண்டிருக்கும் போதோ கொல்வேன். அப்போதுதான் நேரே நரகம் புகுவான். இதுவே அவன் தயங்கியதன் காரணம். ஒரு பிறவியை அழிப்பது அவனுக்குப் போதவில்லை. வரும் கதியையும் கெடுக்க விரும்புகிறான்.

இங்கே நம் ஆசாரியர்கள் கூறும் தண்டுல மச்சத்தின் உவமை நினைவுக்கு வருகிறது. கடலில் வாழும் மாபெரும் மீனின் காதில் அரிசி அளவே உள்ள சிறுமீன் ஒன்று இருக்கிறது. பெரிய மீன் வாய் திறந்து உறங்கும்போது எண்ணற்ற மீன்கள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக உள்ளன. அதைக் கண்ட சிறுமீன், "இந்த வாய் எனக்கு இருந்தால் ஒன்றையும் தப்பவிட மாட்டேனே" என்று எண்ணுகிறது. அது ஓர் உயிரையும் கொன்றதில்லை; கொல்லும் வலிமையும் அதற்கில்லை. எனினும் அந்த எண்ணத்தாலேயே ஏழாம் நரகம் புகுகிறது என்பர். பாவ ஹிம்ஸை எத்தகையது என்பதைச் சிறு குழந்தைக்கும் விளக்கும் உவமை இது. மாக்கோழியைப் பலியிட்ட யசோதர மன்னன் பிறவிதோறும் பட்ட துன்பத்தை நம் யசோதர காவியம் கூறுவதும் இதற்காகவே.

வாள் உறைக்குள் சென்றது. சினம் உறைக்குள் செல்லவில்லை. கை செய்த கொலை ஒன்றுமில்லை; மனம் செய்த கொலையோ இரு பிறவிக்கு நீண்டது. கொல்லாமை என்று நாம் பெயரிட்டுப் பாராட்டும் செயல் சில வேளைகளில் கொலையினும் கொடியதாக இருக்கக்கூடும் என்பதை இக்காட்சி போல் வேறொன்று காட்டுமா என்பது ஐயமே.

மண்டியிட்டிருந்த கிளாடியஸின் நிலையையும் நோக்குவோம். அவன் செய்த குற்றத்தை அவனே தனக்குள் ஒப்புக்கொள்கிறான். ஆனால் குற்றத்தால் பெற்ற முடியையும் அரசியையும் விட்டுக்கொடுக்க அவனால் இயலவில்லை. நாவு வேண்டுகிறது, நெஞ்சு அசையவில்லை. செய்த பிழையை எண்ணி வருந்தும் ஆலோசனை அவனிடம் உண்டு. மீண்டு திரும்பும் பிரதிக்கிரமணம் இல்லை. இனி விடுவேன் என்னும் பிரத்யாக்யானமும் இல்லை. லோப கஷாயம் அவன் கால்களைக் கட்டியிருந்தது. ஆகவே அவன் வழிபாடு வழிபாடே அன்று. அதை ஹாம்லெட் அறியான். வழிபடுவதாகத் தோன்றியவன் வழிபடவில்லை. பொறுத்ததாகத் தோன்றியவன் பொறுக்கவில்லை. இருவரும் புறத்தோற்றத்தில் அறம் செய்து, அகத்தே வினையைக் கட்டிக்கொண்டனர்.

தயக்கம் அவசரமாக மாறிய விதம்

வாளை உறையிலிட்ட சில நிமிடங்களில் ஹாம்லெட் தாயின் அறையை அடைகிறான். திரைச்சீலைக்குப் பின்னால் ஏதோ ஓசை கேட்கிறது. யார் என்று பாராமலே வாளைப் பாய்ச்சுகிறான். விழுந்தவன் கிளாடியஸ் அல்லன்; மறைந்திருந்து ஒட்டுக்கேட்ட முதிய அமைச்சன் பொலோனியஸ்.

பிரமாதத்தோடு கூடிய யோகத்தால் உயிரைப் போக்குதலே ஹிம்ஸை என்று உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இலக்கணம் வகுத்திருப்பதை நாம் அறிவோம். பிரமாதம் என்றால் வெறும் கவனக்குறைவு மட்டும் அன்று. கஷாயத்தால் மூடப்பட்டு விழிப்பிழந்த நிலை அது. மாதக்கணக்கில் தயங்கிய கை ஒரு கணத்தில் ஏன் தவறிற்று? தயங்கிய காலமெல்லாம் அவன் சினத்தை ஆற்றவில்லை, சேமித்தான். சேமித்த நெருப்புக்குத் திரைச்சீலை எது, பகைவன் எது என்ற வேறுபாடு தெரியாது.

அதன்பின் நிகழ்ந்தவை சங்கிலித் தொடராயின. தந்தையை இழந்த ஒபீலியா பித்தாகி நீரில் மூழ்கி மாண்டாள். அவள் தமையன் லேயர்டீஸ் பழிவாங்கக் கிளம்பினான். ஹாம்லெட்டோடு இளமையில் பழகிய தோழர் இருவர், அவன் மாற்றி எழுதிய கடிதத்தால் இங்கிலாந்தில் கொலையுண்டனர். இறுதியில் நஞ்சு தோய்ந்த வாளும் நஞ்சு கலந்த கிண்ணமும் வைத்து நடந்த வாட்போட்டியில் கெர்ட்ரூட், லேயர்டீஸ், கிளாடியஸ், ஹாம்லெட் ஆகிய நால்வரும் ஒரே கூடத்தில் மாண்டனர். ஓர் உயிரின் பொருட்டு எட்டு உயிர்கள்! ஆண்டுகொண்டிருந்த குடும்பம் அடியோடு அழிந்து, அரியணை அயல்நாட்டு இளவரசன் போர்ட்டின்பிராஸின் கைக்குச் சென்றது.

போர்ட்டின்பிராஸும் தந்தையை இழந்தவனே. அவன் தந்தையைத் தனிப்போரில் கொன்றவன் ஹாம்லெட்டின் தந்தை. அவனும் டென்மார்க்கின்மேல் படையெடுக்க முனைந்தவன்தான்; சிற்றப்பனாகிய நார்வே மன்னன் கண்டித்ததால் அதைக் கைவிட்டான். அவனை அறவோன் என்று கூற மாட்டேன். அப்படையைக் கொண்டு போலந்தில் ஒரு துண்டு நிலத்துக்காகப் போரிடவே சென்றான். எனினும் தந்தையை இழந்த மைந்தர் மூவருள், பெரியவர் சொல் கேட்டுப் பழியைக் கைவிட்டவன் ஒருவன் மட்டுமே இறுதியில் உயிரோடு நிற்கிறான்.

கேட்கப்படாத கேள்வி

ஹாம்லெட் எத்தனையோ கேள்விகள் கேட்டான். ஆவி உண்மையா? இறந்தபின் என்ன? எப்போது கொல்வது? நான் கோழையா? ஆயின் பழிவாங்குதல் அறமா என்னும் கேள்வியை அவன் திறந்த மனத்தோடு கேட்கவே இல்லை. முடிவை நெருங்கும்போது தன் நண்பன் ஹொரேஷியோவிடம் ஒருமுறை அதுபோல ஒன்றைக் கேட்கிறான். ஆனால் அது ஐயம் தீரக் கேட்டதன்று. விடையை முன்னரே முடிவுசெய்துகொண்டு கேட்டது. அந்நிய நாட்டுப் படைவீரர் சிறு நிலத்துக்காகச் சாகத் துணிவதைக் கண்டு நாணி, இனி என் எண்ணம் குருதியே என்று சூளுரைத்ததும் மானம் என்னும் கஷாயத்தின் தூண்டுதலே. பித்தனாக நடித்ததும், கடிதத்தை மாற்றியதும் மாயை. குரோதம், மானம், மாயை மூன்றும் ஓர் உள்ளத்தில் குடியிருக்க, தயக்கத்தால் மட்டும் என்ன பயன்?

தயக்கம் அறத்தின் வாயில். உள்ளே செல்வதற்கு அவ்வாயிலில் வந்து நின்றே ஆகவேண்டும். ஆனால் வாயிலிலேயே நின்றுகொண்டிருப்பவன் உள்ளே சென்றவன் ஆகான்.

நம் காவியம் காட்டும் தயக்கம்

இதே நிலையில் நின்ற மற்றோர் இளைஞனை நாம் நன்கு அறிவோம். திருத்தக்கதேவர் பாடிய சீவக சிந்தாமணியின் தலைவன் சீவகன். அவன் தந்தை சச்சந்தனை நம்பிக்கைக்குரிய அமைச்சன் கட்டியங்காரன் கொன்று நாட்டைக் கைப்பற்றினான். மயிற்பொறியில் தப்பிய தாய் விசயை சுடுகாட்டில் அவனைப் பெற்றாள். கந்துக்கடன் என்னும் வணிகன் வளர்த்தான். தந்தையைக் கொன்றவன் அரியணையில். மைந்தனுக்கோ உண்மை தெரியாது. எல்சினோரில் கண்ட நிலையேதான்.

வேறுபாடு, உண்மையை உரைத்தவரிடம் தொடங்குகிறது. ஹாம்லெட்டுக்கு உண்மையை உரைத்தது ஆவி. உரைத்த வாயாலேயே பழிவாங்கு என்று கட்டளையிட்டது. சீவகனுக்கு உரைத்தவர் ஆசிரியர் அச்சணந்தி. தன் பிறப்பை உணர்ந்த சீவகன் சினந்து எழுந்தபோது, அவர் அவனிடம் வேண்டிய பொருள் ஒன்றே: ஓராண்டு எல்லைவரை கட்டியங்காரன்மீது சினம் கொள்ளாதிருத்தல். போர் செய்யாதே என்று மட்டும் சொல்லாமல், சினமின்மையையே அவர் வேண்டியதைக் கருதிப் பாருங்கள். கையை மட்டுமன்றிக் கருத்தையும் அவர் கட்டினார். பள்ளியில் பாடம் நடத்திய நான், மாணவரிடம் ஓர் ஆசிரியர் கேட்கத்தக்க காணிக்கை இதைவிட உயர்ந்தது ஒன்று உண்டா என்று பலமுறை வியந்திருக்கிறேன்.

ஏன் ஓராண்டு? நூல் காரணம் எதுவாயினும், எனக்குத் தோன்றுவதைக் கூறுகிறேன். கஷாயங்களை நான்கு தரமாக நம் ஆகமம் பிரிக்கிறது. சஞ்ஜ்வலன குரோதம் நீரில் இட்ட கோடு, அந்தர்முகூர்த்தத்தில் மறையும். பிரத்யாக்யானாவரணம் மணலில் இட்ட கோடு. அரைத் திங்களில் அழியும். அப்பிரத்யாக்யானாவரணம் நிலத்தின் வெடிப்பு; ஆறு மாதங்களில் மூடும். அநந்தானுபந்தியோ பாறையின் பிளவு. பிறவிகள் பல கடந்தும் தொடரும்; பார்சுவநாதரைக் கமடனின் பகை பிறவிதோறும் தொடர்ந்தது போல. ஆறு மாதங்களுக்கு மேலும் ஆறாத சினம் நற்காட்சியையே மறைத்துவிடும். ஓராண்டு சினமற்று இருந்து பழகியவனின் உள்ளத்தில் அந்தப் பாறைப்பிளவு உண்டாக இடமில்லை. ஆசிரியர் அறிந்தே அளந்தார் போலும்!

அந்த ஓராண்டைச் சீவகன் எவ்வாறு கழித்தான்? அடியுண்டு உயிர்விடும் நாய் ஒன்றின் செவியில் பஞ்ச நமஸ்காரத்தை ஓதினான்; அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்தது. பின்னர்க் கட்டியங்காரனின் ஆட்கள் சீவகனைக் கொல்லப் பிடிக்க வந்தபோது, வெல்லும் ஆற்றல் இருந்தும் ஆசிரியர்க்குக் கொடுத்த சொல்லுக்காக அடங்கி நின்றான். அவ்வேளையில் அவனைக் காத்தவன் அந்தச் சுதஞ்சணனே. ஹாம்லெட் தன் தயக்கக் காலத்தில் நஞ்சைச் சேமித்தான். சீவகன் அருளைச் சேமித்தான். காலம் வந்தபோது அவரவர் சேமித்ததே அவரவர்க்கு உதவியது.

"சீவகனும் இறுதியில் கட்டியங்காரனைப் போரில் கொன்றானே?" என்று கேட்பீர்கள். உண்மை. இல்லறத்தானுக்கு, அதிலும் நாடு காக்கும் அரசனுக்கு, விரோதி ஹிம்ஸை முற்றிலும் விலக்கப்படவில்லை; விலக்கப்பட்டது சங்கற்ப ஹிம்ஸை. ஆயினும் காவியம் அவ்வெற்றியோடு முடிந்துவிடவில்லை என்பதே நாம் உணர வேண்டியது. அரசாண்டு இன்புற்ற பல்லாண்டுகளுக்குப் பின், சோலையில் ஒரு காட்சியைச் சீவகன் காண்கிறான். ஆண் குரங்கு தன் துணைக்குப் பலாப்பழத்தைக் கொடுக்கிறது. காவற்காரன் வந்து அதை விரட்டிப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான். அதைக் கண்டதும் சீவகனின் உள்ளத்தில் மின்னலென ஓர் உணர்வு: பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரன்; பறித்துக்கொண்ட காவலன் நான்; அந்தப் பழமே இந்த அரச இன்பம்!

எத்தகைய நேர்மை! உலகம் முழுவதும் "நீதி வென்றது" என்று பாராட்டிய வெற்றியை, வென்றவனே பழம் பறித்த செயலாகக் காண்கிறான். கொன்றவன்மேல் இரக்கமும், தன்மேல் நாணமும் ஒருங்கே பிறக்கின்றன. அதன் பின்னரே துறவு. அதன் பின்னரே வீடு. முற்பிறப்பில் அன்னப் பார்ப்பு ஒன்றைப் பெற்றோரிடமிருந்து பிரித்த தன் வினையே, இப்பிறப்பில் தன்னைப் பெற்றோரிடமிருந்தும் சுற்றத்திடமிருந்தும் பிரித்தது என்பதையும் அறிகிறான். கட்டியங்காரன் நிமித்தமே, வித்து அவனுடையது. இவ்வுண்மை விளங்கினால் பழிவாங்குவது யாரை?

என் குற்றம்

பிறர்க்கு உரைக்கும் தகுதி உடையவளாக இதை நான் எழுதவில்லை. எங்கள் நிலத்துக் கிணற்றில் பங்குமுறை பற்றி என் கணவர் வழிப் பங்காளி ஒருவரோடு மனவருத்தம் உண்டாயிற்று. பதினோர் ஆண்டுகள் பேச்சில்லை. நான் சண்டையிடவில்லை, வழக்குப் போடவில்லை, ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லை. "டீச்சரம்மா பொறுமைசாலி" என்று ஊரார் புகழ்ந்தனர். நானும் அதை நம்பினேன்.

ஓராண்டு அவருடைய மணிலாப் பயிர் முழுதும் காய்ந்துபோயிற்று என்ற செய்தியைத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது கேட்டேன். என் உள்ளத்தில் மெல்லிய மகிழ்ச்சி ஒன்று எழுந்தது. அன்றிரவு சாமாயிகத்தில் அமர்ந்தபோதுதான், பதினோர் ஆண்டுகளாக நான் பொறுத்திருக்கவில்லை, காத்திருந்தேன் என்பது புலனாயிற்று. உறையிலிட்ட வாளோடு நானும் நின்றுகொண்டிருந்தேன். அது தெரிந்த பின்னரும் அவர் வீட்டுக்குச் செல்லக் கால் எழவில்லை. நாளை, அடுத்த மாதம், அடுத்த க்ஷமாவணி என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் அவர் மறைந்துவிட்டார்.

அவ்வாண்டு க்ஷமாவணி அன்று அவர் மனைவியிடம் சென்று கைகூப்பினேன். அந்த அம்மையார் என் கைகளைப் பற்றிக்கொண்டு, "அக்கா, அவரும் உங்க வீட்டுக்கு வரணும்னு ரெண்டு தரம் செருப்பை மாட்டிக்கிட்டுப் புறப்பட்டார். வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பித் திண்ணையில உட்கார்ந்துட்டார்" என்றார். அவரும் தயங்கினார், நானும் தயங்கினேன். ஆனால் நாங்கள் தயங்கியது பழிவாங்க அன்று, மன்னிப்புக் கேட்க!

அன்புடையீர், நமது நோய் இதுதான். வாள் ஏந்தும் காலம் போய்விட்டது. பழிவாங்கத் தயங்குவது இன்று பெருமையாகாது. மன்னிக்கவும் மன்னிப்பைக் கேட்கவும் தயங்குவதே நம்மை வினையில் பிணிக்கிறது.

முடிவுரை

எல்சினோர் கூடத்தில் நஞ்சு ஏறிச் சாகும் தறுவாயில் லேயர்டீஸ் ஒன்று செய்கிறான். தன் தந்தையைக் கொன்ற ஹாம்லெட்டை நோக்கி, நாம் ஒருவரையொருவர் மன்னிப்போம் என்று வேண்டுகிறான். ஹாம்லெட்டும் அவனை மன்னிக்கிறான். அந்நாடகம் முழுவதிலும் நிகழ்ந்த செயல்களுள் வினையை அறுக்கும் செயல் அது ஒன்றே. அதுவும் கடைசி மூச்சில்! அக்கணம் சில மாதங்கள் முன்னதாக வந்திருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும்! டென்மார்க்கின் இளவரசனுக்குச் சாகும்போது வாய்த்த அந்த நாளை, நம் முன்னோர் ஆண்டுக்கு ஒருமுறை வரும் நாளாகவே நமக்கு அமைத்துத் தந்திருக்கின்றனர். அவ்வருமையை நாம் உணர்ந்தோமா?

ஆகவே ஒவ்வொருவரும் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, ஆறு மாதங்களுக்கு மேல் நம் உள்ளத்தில் தங்கிய சினம் எது என்று இன்றிரவே எண்ணிப் பார்த்தல், அது ஆலோசனை. இரண்டாவது, அவருக்கு ஒரு துன்பம் வந்தால் நம் மனம் மகிழுமா வருந்துமா என்று சோதித்து, மகிழும் எனில் அந்த மகிழ்ச்சியிலிருந்து மீளுதல், அது பிரதிக்கிரமணம். மூன்றாவது, அடுத்த க்ஷமாவணிக்காகக் காத்திராமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டுதல். இனி அச்சினத்தை ஏற்கேன் என்னும் பிரத்யாக்யானம் அதுவே. அவர் ஏற்காவிட்டால் என்செய்வது என்று அஞ்ச வேண்டா. ஏற்பதும் மறுப்பதும் அவர் வினை. தட்டுவது நம் வினை.

செருப்பை மாட்டிக்கொண்டவர்கள் திண்ணையிலேயே அமர்ந்துவிட வேண்டாம். தெருவைக் கடந்து செல்லுங்கள்.

எவ்வுயிர்க்கும் என்னால் பகை இல்லையாகுக. இவ்வுரையில் பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

அறம் வளர்க! பகை தேய்க!